பத்துத் தோட்டா போதும் என்றவர்

அர்பாப் தன் வெள்ளை அங்கியின் பக்கப் பையிலிருந்து ஒரு துப்பாக்கித் தோட்டாவை எடுத்து எங்கள் வெட்டுமேசையின் மேல் நிறுத்தி வைத்தார். நான் எடுத்துப் பார்க்கக் கை நீட்டினேன். என் பக்கத்தில் நின்றவரோ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓரடி பின்வாங்கி, தலையை மட்டும் முன்னால் நீட்டி அதைப் பார்த்தார். பாம்பைக் கண்டு பயந்தவன் அப்படித்தான் பார்ப்பான். பாம்பு பிடிக்கத் தெரிந்தவனும் அப்படித்தான் பார்ப்பான். இதில் இவர் எந்த ரகம் என்கிற சந்தேகம் அன்றைக்குத்தான் எனக்குள் விழுந்தது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. கூடத்தில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள், நான் அண்ணே என்றேன். எங்கள் தையல் கூடம் துபாயில் அல் குசைஸ் தொழிற்பேட்டையில் இருந்தது. கூடாரத் துணி, கார் சீட் உறை, துப்பாக்கி உறை என்று முரட்டுத் துணியில் என்ன கேட்டாலும் தைப்போம். அர்பாப் என்றால் முதலாளி. எங்கள் விசாவுக்குக் கையெழுத்துப் போட்ட அரபி. கூடத்தைக் கவனித்துக்கொண்டவர் சேவியர் என்ற மலையாளி மேனேஜர். நான் அறந்தாங்கிப் பக்கம். நாலு வருடமாக அங்கே கட்டிங்கும் தையலும் பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் இலங்கையில் வன்னிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவருக்கு இந்தி வராது, அரபியும் வராது. அர்பாபுக்கும் அவருக்கும் நடுவில் நான்தான் வாய்.

இந்த விஷயம் முக்கியம். கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமீரகத்தில் வேட்டைக்குத் தடை உண்டு. எங்கள் அர்பாப் லைசென்ஸ் உள்ள துப்பாக்கியோடு வருடத்துக்கு ஒருமுறை ஆப்பிரிக்காவுக்குப் போய், அந்த ஊர் அனுமதியோடு மான் சுடுவார். துப்பாக்கிக்குள் போகிற தோட்டா நாலைந்துதான். மீதியை உடம்பில் எங்கேயாவது வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு அவர் ஐரோப்பாவிலிருந்து தருவித்த தோல் பெல்ட் ஒன்று வைத்திருந்தார். வரிசையாக நாற்பது வளையம். போன தடவை அதைக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்துக் குறி பார்த்தபோது தோட்டாக்கள் தொந்தியில் குத்தியிருக்கின்றன. நெளிந்திருக்கிறார். ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் கேட்டு மான் ஓடிவிட்டதாம். இப்போது அதே பெல்ட்டை மெத்தென்ற தோலில், தன் பெயரின் முதல் எழுத்தைப் பொறித்துத் தைத்துத் தரவேண்டும் என்று கேட்டார்.

நான் டேப்பை எடுத்துவிட்டேன். மாஸ்டர் அசையவில்லை.

"தம்பி, எத்தினை மிருகம் சுடப்போறார் எண்டு கேளும்."

கேட்டேன். ஒன்று, கூடிப்போனால் இரண்டு என்றார் அர்பாப்.

"அப்ப நாப்பது என்னத்துக்கு? பத்துக் காணும். பத்திலை ஏலாட்டி நாப்பதிலையும் ஏலாது."

முதலாளியிடம் இதை அப்படியே சொல்லுவேனா? "பத்து இருந்தால் உங்களுக்கு நடக்கச் சுலபமாக இருக்கும் என்கிறார்" என்று இந்தியில் பூசி மெழுகினேன். அர்பாப் புன்னகைத்தார். அதோடு விட்டாரா மாஸ்டர்? அவரைக் கீழே படுக்கச் சொல்லும் என்றார். சேவியரின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அர்பாப் விளையாட்டுப் புத்தி உள்ள மனிதர். வெட்டுத்துணிக் குப்பைக்கு நடுவில் ஒரு கான்வாஸை விரிக்கச் சொல்லி, அந்த வெள்ளை அங்கியோடு குப்புறப் படுத்தார். கையில் துப்பாக்கிக்குப் பதிலாக எங்கள் இரும்பு அளவுகோலைக் கொடுத்தோம்.

"சுட்டாச்சு. இப்ப அடுத்ததை எடுக்கச் சொல்லும்."

அர்பாபின் வலது கை தானாகப் போய் இடுப்பின் ஒரு இடத்தைத் தொட்டது. மாஸ்டர் குனிந்து சாக்பீசால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். முதலாளியின் அங்கியில் சாக்பீஸ் கோடு!

"கை தேடிப் போற இடத்திலைதான் பை இருக்கவேணும். பை இருக்கிற இடத்துக்குக் கை போகாது" என்றார்.

பிறகு அவர் சொல்லச்சொல்ல நான் இந்தியில் சொன்னேன். தோல் வேண்டாம், தோல் பித்தளையைத் தின்னும், பச்சைக் களிம்பு பிடித்துத் தோட்டா வளையத்திலேயே ஒட்டிக்கொள்ளும். எலாஸ்டிக்கும் வேண்டாம், வெயிலுக்கு இளகி, நடக்கிறபோது ஒவ்வொன்றாக நழுவும். நெஞ்சில் குறுக்காகப் போடுவது போட்டோவுக்குத்தான் நல்லது. குனிந்தால் கொட்டும், வெயிலில் மின்னும். துப்பாக்கியின் கட்டையிலேயே மாட்டினால் கனம் பிசகும். சும்மா சட்டைப்பையில் போட்டால் சாவியோடு சேர்ந்து கிலுகிலுக்கும், முனை மழுங்கும். கான்வாஸில் புத்தகம் மாதிரி மடிகிற ஒரு உறை, பக்கத்துக்கு ஐந்து வளையம், முனை கீழே, அடிப்பாகம் மேலே, மண் விழாமல் ஒரு மூடி. மூடிக்கு நான் வெல்க்ரோ வைக்கலாம் என்றேன்.

"உமக்கென்ன விசரோ? அந்தக் கிழிக்கிற சத்தம் அரை மைலுக்குக் கேக்கும். மரப் பொத்தான் வையும்."

கடைசியாக ஒன்று சொன்னார். மூடியைத் திறக்காமலே, வெளியில் தடவிப் பார்த்தால் எத்தனை மீதி இருக்கிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டுமாம். இதை ஒரு தையற்காரன் எங்கே படித்தான்? கல்யாண ஜாக்கெட் தைத்தா?

தோட்டாவை அவர் கடைசிவரை தொடவே இல்லை. அர்பாப் அதைப் பையில் போட்டுக்கொண்டு போன பிறகு ஒரு பென்சிலை எடுத்து, அதன்மேல் மாஸ்கிங் டேப்பைச் சுற்றிச் சுற்றிப் பருமனாக்கி, "இவ்வளவு இருக்கும்" என்று அதை அளவாக வைத்து வளையங்களைத் தைத்தார். பத்து வளையமும் இறுக்கமில்லாமல் தளர்வில்லாமல் கச்சிதமாகப் பொருந்தியதாக அர்பாப் பிறகு சொன்னார். தொடாமலே அளவு தெரிந்திருக்கிறது. தொட்டால் கைரேகை விழும் என்று பயந்திருக்கிறார். நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

சந்தேகம் வந்துவிட்டால் அதற்குத் தீனி தானாக வந்து சேரும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எங்கள் ரூமில் எட்டுப் பேர். அவருடைய கட்டில் கதவைப் பார்த்த மூலையில். கதவுக்கு முதுகு காட்டி அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போதும் தட்டோடு திரும்பிக்கொள்வார். பொங்கலுக்கு ரூமில் எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்தபோது, "தாரும், நான் எடுக்கிறன்" என்று கேமராவை வாங்கிக்கொண்டார். அந்தப் படத்தில் ஏழு பேர் இருக்கிறோம். ஆல்டரேஷனுக்கு யார் பேன்ட் கொண்டுவந்தாலும் முதல் வேலையாக எல்லாப் பைகளையும் உள்புறம் வெளியே இழுத்து உதறுவார். ஒருமுறை என் பேன்ட் பையையும் அப்படி உதறி, பஸ் டிக்கெட்டும் மிட்டாய்க் காகிதமும் தரையில் விழ, "இவ்வளவும்தானே?" என்று கேட்டார். வேறென்ன இருக்கும் என்று நினைத்தார் என்று தெரியவில்லை.

யாரையும் எதையும் லேசில் நம்பமாட்டார். பர் துபாயில் நூல் வாங்கப் போனால் ஒரு முனையை லைட்டரில் கொளுத்தி, முகர்ந்து பார்த்த பிறகுதான் வாங்குவார். கடைக்காரக் குஜராத்தி அவரைக் கண்டாலே லைட்டரை எடுத்து நீட்டுவான். போன் கார்டு போட்டு ஊருக்குப் பேசும்போது "ஓம்", "ஓம்", "இல்லை", "பிறகு" என்ற நாலு வார்த்தைதான். எதிர்முனையில் யார் என்றுகூடத் தெரியாது.

அப்புறம் அந்தத் தோள். குளித்துவிட்டுத் துண்டோடு வரும்போது பார்த்தேன். வலது தோளில், கழுத்துக்கும் கைக்கும் நடுவில், ஒரு பள்ளம். தோல் தடித்துக் கறுத்துக் காய்த்திருந்தது. எங்கள் ஊரில் ஒரு மிலிட்டரிக்காரர் இருந்தார். துப்பாக்கி உதைத்து உதைத்துத் தன் தோள் காய்த்துப்போன கதையை அவர் அடிக்கடி சொல்லுவார். போதாதா? அன்றைக்கு மாஸ்டர் டியூட்டிக்குப் போனதும் ரூமில் தீர்ப்பு எழுதிவிட்டோம். ஆள் இயக்கத்தில் இருந்தவர்தான். தீர்ப்பை வாசித்தவன் நான்.

சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, அதில் எங்களுக்கு ஒரு பெருமையும் இருந்தது. நம் ரூமில் இப்படி ஒருத்தர் படுத்திருக்கிறார் என்று ஒரு கிளுகிளுப்பு. சிகரெட் பிடிக்கிற பையன்கள் அவரைக் கண்டால் மறைத்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை நானும் அவரும் கராமாவில் ஒரு ஓட்டலில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இருபது வயசு இருக்கும், ஒரு பையன் எங்கள் மேசைக்கு வந்தான். அவரை உற்றுப் பார்த்தான். "அண்ணை, நீங்கள் அந்தச் சந்தியிலை கடை வைச்சிருந்தனீங்கள்தானே?" என்று கேட்டான்.

"இல்லை. ஆள் மாறிக் கதைக்கிறீர்."

"இல்லையண்ணை, எனக்கு வடிவாத் தெரியும்..."

அவர் எழுந்துவிட்டார். பாதித் தோசை தட்டில் இருந்தது. கைகூடக் கழுவாமல் தெருவுக்குப் போய், பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, அடுத்த ஸ்டாப் வரைக்கும் வேகமாக நடந்தார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். ஏன் என்று கேட்டதற்கு, "அவன் ஆரோ" என்றார். மறைந்து வாழ்கிறவர் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இதற்கிடையில் அர்பாப் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிவந்தார். உறை பிரமாதம், இரண்டு மான், மூன்றே தோட்டா. மாஸ்டருக்கு ஒரு நல்ல கைக்கடிகாரம் கொடுத்தார். எனக்கு யானை பொம்மை தொங்குகிற ஒரு சாவிவளையம். அர்பாபின் சிநேகிதர்களும் அதே உறை வேண்டும் என்று வந்தார்கள். எல்லோரும் கூடத்தில் குப்புறப் படுத்தார்கள், எழுந்தார்கள். கொஞ்ச நாளில் ஏசிக்குப் பக்கத்தில் இருந்த என் மெஷினில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். நான் வாசல் பக்கம், வெயில் அடிக்கிற இடத்துக்கு வந்துவிட்டேன்.

"நான் கேக்கேல்லை தம்பி. சேவியர்தான் இருத்தினவர். நீர் சொன்னா எழும்பிறன்."

"அட, பரவால்லண்ணே. எங்க உக்காந்தா என்ன?" என்றேன். எனக்குப் பரவாயில்லாமல் இல்லை. வயிறு எரிந்தது. அதை இன்றைக்கு ஒளிக்க விரும்பவில்லை.

அப்போது அவர் ஊரில் சண்டை மறுபடி மூண்டிருந்தது. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு போட்டோவைக் காட்டினார். பள்ளிக்கூட வெள்ளை உடுப்பு, ரெட்டைப் பின்னல், ரிப்பன். பதினைந்து வயசு மகள். மனைவியும் மகளும் வவுனியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கியிருந்தார்கள்.

"அங்கை இந்த வயசுப் பிள்ளையை வைச்சிருக்கேலாது தம்பி. ஒரு பக்கம் வீட்டுக்கு ஒரு ஆள் தா எண்டு கேக்கினம். மற்றப் பக்கம் கேக்காமலே கொண்டு போகினம். மனிசி பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிறேல்லை. அறைக்குள்ளையே வைச்சிருக்கிறா."

அர்பாப் கையெழுத்துப் போட்டால் இரண்டு பேரையும் விசிட் விசாவில் இங்கே கொண்டுவந்துவிடலாம். முதலில் உயிரோடு வெளியே வரட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்பது அவர் திட்டம். இதை அர்பாபிடம் நான் கேட்க வேண்டும். நாக்கு என்னுடையதுதானே? அந்த வாரமே கேட்டேன். நன்றாகவே கேட்டேன், அவர் சொன்னதைவிட உருக்கமாக. அர்பாபும் மகள் உள்ளவர். போட்டோவைப் பார்த்துவிட்டு, "பெருநாள் முடியட்டும், இன்ஷா அல்லா, பாஸ்போர்ட் காப்பி கொண்டுவரச் சொல்" என்றார். அதை நான் தமிழில் சொன்னதும் மாஸ்டர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு மட்டும் ரூமில் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு அர்பாப் கூடத்துக்கு வந்தார். மாஸ்டர் நூல் வாங்கப் போயிருந்தார். அர்பாப் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தைத்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நல்ல ஆள்தானே? நான் கையெழுத்துப் போடப் போகிறேன். ஊரில் என்ன வேலை செய்தான்? இதெல்லாம் இவனுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தையல் வேலை என்று சொல்லியிருக்கலாம்; அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே உண்மை. நான் குரலைத் தாழ்த்தி, ரூமில் பையன்களிடம் சொல்லுகிற அதே தோரணையில், "ஷாயத் உதர் லடாய் மே தா, அர்பாப்" என்றேன். அங்கே சண்டையில் இருந்தவர் போலிருக்கிறது என்று. சொன்னதோடு நில்லாமல் என் வலது தோளைத் தட்டி, துப்பாக்கி உதைத்த தழும்பு இருக்கிறது என்று ஜாடையும் காட்டினேன்.

ஏன் சொன்னேன்? ஏசி பக்கத்து மெஷினா, சாவிவளையமா, அல்லது முதலாளியிடம் ஒரு ரகசியம் சொல்லுகிற ருசியா? அவர் வீரர் என்று தெரிந்தால் அர்பாபுக்கு இன்னும் பிடிக்கும் என்றுகூட நினைத்த ஞாபகம். எல்லாம் கலந்துதான் இருந்திருக்கும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் கெடவில்லை. அடுத்தவரைக் கெடுத்தது.

"அச்சா" என்றார் அர்பாப். உறையை மேசைமேல் வைத்தார். எழுந்து போய்விட்டார்.

பெருநாள் முடிந்து நாலாம் நாள் சேவியர் வந்து மாஸ்டர் முன்னால் நின்றார். "மாஸ்டரே, விசா கேன்சல் ஆயி. ஞாயிற்றுக்கிழமை டிக்கெட். எனக்கு ஒண்ணும் தெரியாது கேட்டோ, மேலேர்ந்து சொன்னது" என்றார். அர்பாபையும் நான் குறை சொல்லமாட்டேன். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிற மனிதர். சண்டையில் இருந்தவன் ஒருத்தன் தன் விசாவில் இருக்கிறான், அவனிடம் தோட்டா உறை தைத்து வாங்கியிருக்கிறோம் என்று போலீசுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயந்திருப்பார். பயந்தவர் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். போலீசிடம் போகவில்லை. அந்த மட்டும் நல்லவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரூமில் நாங்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் டியூட்டிக்குப் போயிருந்தார்கள். பெட்டியைக் கட்டி முடித்து, அதைத் தூக்கி இடது தோளில் வைக்கப் பார்த்தார். பழக்கமில்லாத தோள், தடுமாறியது.

"வலது தோள்ல வைங்கண்ணே" என்றேன். வாய் சும்மா இருக்குமா?

"அதிலை இனி ஒண்டும் வைக்கேலாது தம்பி. மெஷின் சுமந்த தோள்."

"என்ன மெஷின்?"

"தையல் மெஷின்தான். இடம்பெயரேக்கை மற்றச் சனம் பிள்ளையைத் தூக்கிச்சுது, அரிசியைத் தூக்கிச்சுது. நான் மெஷின் தலையைச் சாக்கிலை கட்டித் தோளிலை வைச்சுக்கொண்டு நடந்தன். ஒருக்கா ரெண்டுதரமே? அஞ்சாறு தரம் ஊர் மாறினாங்கள். மெஷின்ரை சக்கரச் சில்லு பட்டுப் பட்டுப் புண்ணாகி, ஆறி, திரும்பப் புண்ணாகி... மெஷினை விட்டிட்டுப் போனா போற இடத்திலை என்னத்தைச் சாப்பிடுறது?"

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கேட்காமலே அவர் சொல்லிக்கொண்டு போனார். ஒரு வருடமாக நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர், போகிற நாளில் பேசினார். இரண்டு பக்கத்துக்கும் இடைப்பட்ட ஒரு சந்தியில் அவருடைய கடை இருந்திருக்கிறது. இரண்டு பக்கத்தாரும் தைக்கக் கொண்டுவருவார்கள்.

"மாட்டன் எண்டு ஆர் சொல்லலாம்? பையும் பட்டியும் பிய்ஞ்சு வரும். எங்கை பிய்ஞ்சிருக்கு, எங்கை தேய்ஞ்சிருக்கு எண்டு பாத்தா ஆள் எப்பிடிப் படுத்தவன், எப்பிடி ஓடினவன் எல்லாம் தெரியும். அப்பிடிப் பழகினதுதான். நான் துவக்கைத் தொட்டதுமில்லை, சுட்டதுமில்லை தம்பி. ஒருநாள் ஆரோ தைக்கத் தந்த காற்சட்டைப் பைக்குள்ளை ஒரே ஒரு தோட்டா கிடந்தது. நான் பாக்கேல்லை. சோதிக்க வந்தவங்கள் பாத்தாங்கள். ஏழு மாசம் உள்ளை வைச்சிருந்தாங்கள்."

"அந்தக் கராமா பையன்?"

அவர் பெட்டியைக் கீழே இறக்கி வைத்தார்.

"அவன்ரை தமையனுக்கு நான்தான் கடைசியாத் தைச்சுக் குடுத்தனான். அதுக்குப் பிறகு ஆள் வரேல்லை. அந்தப் பெடியன் என்னட்டை என்ன கேப்பான் எண்டு எனக்குத் தெரியும். என்னட்டை மறுமொழி இல்லை."

போட்டோ எடுக்க விடாதது ஏன் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு அப்போது இல்லை. நான்தான் சொன்னேன் அண்ணே, என் வாயால்தான் கெட்டது என்று சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"தம்பி, சேவியரோடை கவனமா இரும். ஆரோ என்னைப் பற்றி அர்பாபிட்டை என்னவோ சொல்லியிருக்கினம். அவன்தான். எனக்கு முதலே அவனிலை ஒரு சந்தேகம். இந்த ரூமிலையும் ஒருத்தரையும் நம்பேலாது. நீர் மட்டும்தான் எனக்கு ஆள்."

சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து என் கையில் வைத்தார். மனைவி, மகள் இருவருடைய பாஸ்போர்ட் காப்பிகள்.

"நான் போனாலும் பரவாயில்லை. அவையளுக்கு மட்டும் விசிட் விசா ஒண்டு எடுத்துத் தரச்சொல்லி அர்பாபிட்டைக் கேளும். உம்மடை சொல்லை அவர் கேப்பார்."

"சரிண்ணே" என்றேன். எழுந்து நின்றவன் அதை மட்டும்தான் சொன்னேன். கீழே வண்டி ஹாரன் அடித்தது. பெட்டியை நான் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன்.

அடுத்த நாளே அர்பாபின் வீட்டுக்குப் போனேன். காப்பிகளை அவர் முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, அது மெஷின் சுமந்த தழும்பு, அவர் வெறும் டெய்லர், நான் பொறாமையில் உளறிவிட்டேன் என்று காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். அழுதும்விட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கையிலிருந்த காவாவை, அந்த அரபிக் கடுங்காபியை, ஒரு வாய் குடித்தார்.

"அன்றைக்கு நீ அப்படிச் சொன்னாய். நான் நம்பினேன். இன்றைக்கு இப்படிச் சொல்கிறாய். அவன் உன் ரூம்காரன், உன் பாஷைக்காரன். பாவம் பார்த்து இப்போது பொய் சொல்கிறாயா, அன்றைக்குச் சொன்னது பொய்யா? எனக்கு எப்படித் தெரியும்?"

"அல்லா மேல் ஆணையா..."

"கலாஸ்" என்றார். முடிந்தது. காப்பிகளை என் பக்கம் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு என்னிடமும் அவர் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டார். சேவியர் மூலமாகத்தான் பேசுவார்.

பத்து நாள் கழித்து மாஸ்டர் வவுனியாவிலிருந்து போன் செய்தார். இரைச்சலான லைன். நலம் விசாரிக்கக்கூட இல்லை.

"அர்பாப் என்ன சொன்னவர்?"

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்குத் தெரியும். இல்லை என்று சொல்லியிருந்தால் மனிதர் வேறு யாரிடமாவது போயிருப்பார். கடல் வழியோ காட்டு வழியோ, இந்தியாவுக்கோ, எங்கேயோ ஒரு வழி தேடியிருப்பார். நான் சொன்னது இதுதான்: "பாக்கறேன்னு சொல்லியிருக்காருண்ணே. கொஞ்சம் டைம் ஆகும்."

"சரி தம்பி. அப்ப நாங்கள் வேறை இடம் ஒண்டும் வெளிக்கிடேல்லை. இஞ்சையே இருக்கிறம். நீர் இருக்கிறீர் எண்டதுதான் ஒரு நிம்மதி. பொறும், மகள் கதைக்கப்போறாளாம்."

"வணக்கம் மாமா" என்றது ஒரு குரல். "அங்கை பள்ளிக்கூடத்துக்குப் போகலாமோ?"

போகலாம்மா என்றேன்.

அப்புறம் மூன்று தடவை பேசினார். மூன்று தடவையும் அதே கேள்வி, அதே பதில். நான்காவது தடவை கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டபோது அந்த நம்பர் போகவில்லை. கராமாவில் வன்னிப் பக்கத்து ஆட்கள் யாரைக் கண்டாலும் விசாரித்தேன். இன்னும் விசாரிக்கிறேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

எப்படியோ அவருக்கு உண்மை தெரிந்துபோய், நான்தான் சொன்னவன் என்று தெரிந்து, என் பேரைச் சொல்லிக் காறித் துப்பிவிட்டு, இந்த நாயோடு இனி என்ன பேச்சு என்றுதான் கூப்பிடாமல் விட்டார் என்று இருக்கட்டும். கோயிலுக்குப் போகிறபோதெல்லாம் நான் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன்.